படகுத்துறையில் ஒரு ஜிக்கிங் ராடு

வசந்திக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. அதுவும் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில், உச்சி வெயிலில், ஒரு வாளி இறாலுக்குக் காவல் இருப்பதில் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் அவள் கணவன் செல்லதுரை வாங்கிய ஜிக்கிங் ராடு என்ற தூண்டில் கம்பால் வந்த வினை. ஓட்டலில் பரோட்டா போடுகிறவனுக்குத் திடீரென்று ஆழ்கடல் மீன்பிடி ஆசை. கம்பு குட்டை, விறைப்பு. நடுக்கடலில் படகிலிருந்து, இரை போலத் தெரியும் இரும்பு மீனை நேராகக் கீழே இறக்கி, சுண்டிச் சுண்டி இழுப்பதற்கென்றே செய்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருமுறை படகேறினான். கரை திரும்பும்வரை வாந்தி. அதற்குப்பின் கடலுக்குப் போகிற பேச்சில்லை. கம்பைச் சும்மா வைக்கவும் மனமில்லை. கரையில் நின்றே உயிருள்ள இறாலைக் கோத்துப் பிடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டான். இறால் சாகாமலிருக்க, அடுத்த வீட்டு ஷபானாவிடம் மீன்தொட்டி பம்பை இரவல் வாங்கி வந்தவளும் வசந்திதான்.

முதல் இறாலைக் கோத்து ஓங்கி வீசினான். கம்பு வளைந்தே கொடுக்கவில்லை. உதறிய வேகத்தில் ஈயக்குண்டு ஒரு பக்கம் போனது, இறால் ஒரு பக்கம் பறந்தது. இரண்டாவதும் அப்படியே. அதைப் பருந்து வந்து கவ்விக்கொண்டது. காற்று சரியில்லை என்றான். முள் சரியில்லை என்றான். கடைசியில் அவள் நிழல் தண்ணீரில் விழுகிறது என்றான்.

வசந்தி பல்லைக் கடித்தாள். “நேரா கீழ இறக்கற கம்புன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இங்கயும் நேரா கீழ விடுங்க. தூணுகிட்ட ஆழமாத்தான இருக்கு.”

“மீனு என்ன தூணுக்கடியில குடித்தனமா நடத்துது?” என்றவன், இன்னும் மூன்று இறாலை வானத்துக்கு அனுப்பிவிட்டு, கம்பைப் போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனான்.

வாளியில் இரண்டே இரண்டுதான் மிச்சம். வசந்தி ஒன்றை வாலில் கோத்துத் தூணோரம் இறக்கினாள். ரீலைத் திறந்தபடியே விட்டு, தூண்டில் நரம்பை விரலில் தொட்டுக்கொண்டிருந்தாள். கம்பின் நுனி அசையவே இல்லை. ஆனால் விரலில் ஏதோ தட்டியது. பிறகு நரம்பு தானாக ஓடத் தொடங்கியது.

சாயா கிளாசோடு வந்த செல்லதுரை அதைப் பார்த்துவிட்டான். கிளாஸ் எங்கோ விழுந்தது. பாய்ந்து கம்பைப் பிடுங்கி, ரீலை மூடி, இரும்பு மீனை இழுப்பதுபோல ஒரு வெட்டு வெட்டினான். விறைத்த கம்பு முழு வேகத்தையும் முள்ளுக்கே கொடுத்தது. மேலே வந்தது பாதி இறால்.

வசந்தி கத்தவில்லை. “அது தின்னு முடிக்கறதுக்குள்ள வாயிலேர்ந்து புடுங்கிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வாளித் தண்ணீரைக் கொட்டப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். கடைசி இறாலை, உயிர் போகாதபடி தானே பார்த்துப் பார்த்துக் கோத்தான். கம்பை அவளிடம் நீட்டினான்.

“நான் தொட மாட்டேன் புள்ள.”

நெடுநேரம் ஒன்றுமில்லை. செல்லதுரை இரண்டு கைகளையும் அக்குளில் அடக்கிக்கொண்டு நின்றான். மறுபடி நரம்பு ஓடியபோது அவன் வாய் திறந்தது. அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. ஓடட்டும் என்று விட்டாள். நன்றாக விழுங்கியிருக்கும் என்று பட்டதும் ரீலை மூடித் தூக்கினாள்.

மீன் தூணைச் சுற்றிக்கொள்ளப் பாய்ந்தது. அப்போதுதான் அந்தக் கம்பு ஒரு வேலை செய்தது. இம்மியும் விட்டுக்கொடுக்காமல் மீனின் தலையைத் திருப்பி வெளியே கொண்டுவந்தது. நல்ல செம்பல்லி. வலை கொண்டுவர மறந்திருந்த செல்லதுரை படியிறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, முதுகு முள் உள்ளங்கையைக் கிழிக்க அதை வாரியெடுத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், ஜிக்கிங் ராடில் உயிர் இரை போட்டால் எப்படிப் பிடிக்கவேண்டும் என்று அவன் விளக்கிக்கொண்டே வந்தான். வீசவே கூடாதாம், அவசரப்படவே கூடாதாம்.

வசந்தி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அடுத்த ஞாயிறு அவனுக்கு ஓட்டலில் கூடுதல் வேலை போடச்சொல்லி யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.