சன்னலுக்கு வெளியே அப்பா

1

இந்தக் கதை என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டாள் என்று யாரும் சொல்லக்கூடாது. நிதானமான கதை வேண்டுமென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். இதே இதழில் வேறு யாராவது நிலாவைப் பற்றி எழுதியிருப்பார்கள்.

எத்தனையோ முறை தொடங்கிப் பார்த்தாயிற்று. அடித்துப் போட்டதையும் விட்டு வைக்கிறேன்.

அந்த அறையின் மூலையில் ஒரு பொம்மை வீடு இருந்தது. அதன் சிவப்புக் கூரையில்—

(கூரையின் நிறம் யாருக்கு வேண்டும்? இங்கே வேறு நிறம் பிரச்சினையாகிக் கிடக்கிறது.)

குழந்தைகள் கள்ளங்கபடமற்றவர்கள். அவர்களின் கண்களுக்கு—

(இந்த வாக்கியத்தை எழுதிய கையை ஒடிக்க வேண்டும். என் கையாகப் போயிற்று.)

என் தம்பி ஒரு ஏசி மெக்கானிக்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

என் தம்பி ஒரு ஏசி மெக்கானிக். அடுக்குமாடி வீடுகளில் ஏசியின் பாதி உடம்பு சன்னலுக்கு வெளியே தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கழுவவும் கழற்றவும் ஒருவன் வெளியே இறங்கி நிற்க வேண்டும். இடுப்பில் பெல்ட், காலுக்குக் கீழே ஒரு இரும்புச் சட்டம், தோளில் ஒரு பெரிய பை. அவன் பிறக்கும்போதே கறுப்பு. வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

அவனும் அவன் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அவருக்கே சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும் சொல்வேனா? இரண்டு பேருமே நல்ல ஜென்மங்கள், சேர்ந்து வாழ முடியவில்லை, அவ்வளவுதான். மகள் அம்மாவோடு இருக்கிறாள். ஐந்து வயது, வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் என் தம்பியின் ஒரே கேள்வி. அதைக் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்யும். அதற்கு முன்னால் குழந்தையின் மனதை ஓர் ஆலோசகர் பார்த்துச் சொல்வார்.

ஒருமுறை அவன் என் வீட்டு ஏசியைக் கழற்றினான். வாண்டு உள்ளே நின்று கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் வெளியே தொங்கிக்கொண்டே தன் மூக்கையும் அதே இடத்தில் அழுத்தினான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் வைத்திருந்த டீ ஆறிப்போனது. அன்றிலிருந்து "அப்பா எங்கே?" என்று யார் கேட்டாலும் அவள் சன்னலைத்தான் காட்டுவாள்.

(ஆசிரியரின் ஆலோசனை: "மெக்கானிக் வேலையை மாத்திடுங்க மேடம். பின்னாடி வர்ற விஷயத்துக்கு ரொம்ப வசதியா இருக்கு, வாசகர் நம்ப மாட்டார்." கதைக்காக அவன் போய் வேறு வேலை தேட வேண்டுமாம். நல்ல கூத்து.)

3

ஆலோசகரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவர் செய்ததில் சந்தேகமே இல்லை. அவரை எப்படி எழுதுவது என்பதில்தான்.

முதல் வரைவில் அவரை வெள்ளைக்காரியாக்கியிருந்தேன். நீலக் கண், கொச்சைத் தமிழ். ஜோராக வந்தது. படித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உறைத்தது: அவரை அப்படி எழுதினால் நீங்களும் நானும் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம். குற்றம் கப்பலேறி வந்ததாகிவிடும்.

இரண்டாவது வரைவில் அவரைக் கொடுமைக்காரியாக்கி, கூரிய நகமெல்லாம் வளர்த்துவிட்டேன். அதையும் அடித்தேன்.

உண்மையில் அவர் என் நிறம். வெளிச்சத்தில் பார்த்தால் என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே கறுப்பு. களைத்த முகம், ஓயாத தலைவலி, மேசையில் ஒரு தைல டப்பா. வாசலில் எப்போதும் நான்கைந்து குடும்பங்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும். குழந்தைகளிடம் அவ்வளவு அன்பாகப் பேசுவார். இப்படிப்பட்டவர்மீது கோபப்படுவது கஷ்டம். பட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த அறையில் அவர் கறுப்பு, நான் கறுப்பு, வாண்டு கறுப்பு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் கறுப்பு. சுவரில் ஒட்டியிருந்த படத்துக் குழந்தைகளும் பொம்மைப் பெட்டிக்குள் இருந்த குடும்பமும் மட்டும் ரோஸ் நிறம்.

4

பெற்றோர் உள்ளே வரக்கூடாது. வாண்டு என் கையை விடவில்லை என்பதால் என்னை அனுமதித்தார்கள். "நீங்க பேசக்கூடாது. கண்ணாலகூட ஜாடை காட்டக்கூடாது," என்றார் ஆலோசகர். நான் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன்.

பெட்டியின் மூடியில் 'உலகக் குடும்பம்' என்று எழுதியிருந்தது. எந்த உலகமோ. கோட்டுப் போட்ட ரோஸ் அப்பா, மஞ்சள் முடி அம்மா, மஞ்சள் முடிக் குழந்தைகள், ஒரு ரோஸ் தாத்தா. நாய்கூட வெள்ளை. அடியில், வேறேதோ போலீஸ் விளையாட்டுப் பெட்டியிலிருந்து தவறி வந்து சேர்ந்த ஒரு ஆள் கிடந்தான். பழுப்பு நிறம், கோடு போட்ட சட்டை, தோளில் ஒரு மூட்டை. பிடிபட வேண்டிய திருடன்.

"உங்க வீட்ல யார் யார் இருக்காங்க? இந்த வீட்டுக்குள்ள வச்சுக் காட்டுறியாடா கண்ணு?"

வாண்டு பெட்டியைக் கிளறினாள். ரோஸ் அப்பாவை எடுத்து ஓரமாகப் போட்டாள். அடியில் கிடந்தவனைப் பார்த்ததும் அவள் முகம் பூத்தது. அவனை எடுத்து, பொம்மை வீட்டின் சன்னலுக்கு வெளியே சாய்த்து நிறுத்தினாள்.

"இது யாரு?"

"அப்பா."

"அப்பா ஏன் வெளியே நிக்கிறார்?"

"அவர் வெளியதான் நிப்பார்."

"உள்ள வரமாட்டாரா?"

"வேலை முடிஞ்சா வருவார்."

"மூட்டையில என்ன இருக்கு?"

"எல்லாமே இருக்கும்," என்றாள் வாண்டு பெருமையாக.

எனக்குத் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. அதற்குமேல் பொம்மையால் ஒருவனைச் செய்துகாட்ட முடியாது. அவன் நிறம், அவன் பை, அவன் நிற்கும் இடம், எல்லாம் அச்சு அசல். ஆலோசகரின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டு வந்தது.

5

வாண்டைத் தண்ணீர் குடிக்க வெளியே அனுப்பிவிட்டு ஆலோசகர் சொன்னார்: "அப்பாவை ஒரு திருடனா பாக்குறாங்க. வீட்டுக்கு வெளியே, சன்னல் வழியா நுழையப் பாக்குற ஆளா. வீட்ல இருக்கிற எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறவரா. குழந்தைக்குள்ள பயம் இருக்கு."

"மேடம், அவன் ஏசி மெக்கானிக். வெளியில நிக்கிறதுதான் அவன் வேலை. அது அவன் பை."

"இருக்கலாம்ங்க. ஆனா அப்பான்னு ஒரு பொம்மை அங்கேயே இருந்துச்சே. அதை ஒதுக்கிட்டு இதை ஏன் எடுக்கணும்?"

"வேற எதை எடுப்பா? நம்ம நிறத்துல வேற எது இருக்கு அந்தப் பெட்டியில?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நிறமா? சேச்சே, குழந்தைங்க அதெல்லாம் பாக்காதுங்க."

(இங்கே என் கதையை ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். பெட்டி செய்கிறவன் நிறம் பார்க்கிறான். கடைக்காரன் பார்க்கிறான். பிள்ளை பிறந்ததும் தொட்டிலில் எட்டிப் பார்க்கும் சொந்தக்காரர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், பிறகுதான் கை கால் விரல் சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். குழந்தை மட்டும் பார்க்காதாம்! அதற்கென்ன, கண் பின்னாலா முளைத்திருக்கிறது? தன் அப்பா என்ன நிறம் என்று தெரிந்த குழந்தை, அந்த நிறத்தைத் தேடி எடுத்தது. அந்த நிறத்துக்கு ஒரு திருடனை மட்டும் செய்து வைத்தவனை யாரும் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் மனதில் என்ன பயம் இருக்கிறது கண்ணு என்று கேட்கவில்லை.)

நீதிமன்றத்தில் தற்காலிகமாக முடிவு சொன்னார்கள். தம்பி குழந்தையை அந்த அறையில் மட்டும் பார்க்கலாம், ஆலோசகர் கூட இருக்கும்போது மட்டும். வீட்டுக்கு அழைத்துப்போகக் கூடாது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

6

சண்டை போட்டு ஒரு சம்மதம் வாங்கினேன். அடுத்த முறை நான் ஒரு பொம்மை கொண்டுவந்து பெட்டியில் போடலாம். ஒரு சாதாரண ஆண். நம் நிறம். அவ்வளவுதானே, வாங்கிவிடலாம் என்று கடைவீதிக்குப் போனேன்.

பெரிய கடை. அலமாரி அலமாரியாக ரோஸ்.

"நம்மள மாதிரி பொம்மை இருக்கா?"

"நம்மள மாதிரின்னா?"

கடைக்காரர் கைக்குப் பக்கத்தில் என் கையை நீட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் ஓடாதுக்கா. பிள்ளைங்களே வேணாம்னுடும்."

"பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கவே வேணாம். இருங்க, ஸ்பெஷலா ஒண்ணு இருக்கு." மேல் தட்டிலிருந்து தூசி தட்டி இறக்கினார். 'ஆசிய இளவரசி'. உடம்பெல்லாம் பொன், தலையில் கிரீடம், நிறம் பாலில் ஒரு சொட்டு டீ விட்டது போல. அந்த ரோஸ்காரிகளின் அதே மூக்கு, அதே அச்சு. ஒரு கண்டத்துக்கே பதிலாக இவள் ஒருத்தி நிற்கிறாள். பாவம், கால் வலிக்கும்.

"இவளுக்குப் புருஷன் கிடையாதா?"

"ஆம்பளை வர்றதில்லக்கா. கம்பெனி செய்யறதில்ல."

கம்பெனி செய்வதில்லை. அத்தனை கோடி ஆண்கள் பஸ்ஸில் தொங்குகிறார்கள், சன்னலில் தொங்குகிறார்கள், பிள்ளையைத் தோளில் சுமக்கிறார்கள். அவர்களில் ஒருவனைச் செய்ய ஒரு கைப்பிடி பிளாஸ்டிக் இல்லை. திருடன் செய்ய மட்டும் இருந்தது. அங்கேயே நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

கடைசியில் ஒரு ரோஸ் அப்பாவை வாங்கிவந்து நானே பெயின்ட் அடித்தேன். என் மணிக்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் கலந்தேன். முதலில் சேறு மாதிரி வந்தது, அப்புறம் செங்கல். சரியான நிறம் வந்தபோது தம்பி உள்ளே வந்தான்.

"என்னக்கா, என்னையவா செய்யறே? மூக்கு ரொம்ப எடுப்பா இருக்கே. பொண்ணு பாக்குற நேரத்துல இது இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

இருவரும் சிரித்தோம். அப்புறம் அவன் பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அங்க போய் சண்டை போடாத. எனக்கு ஞாயித்துக்கிழமை வாண்டு வேணும். அவ்ளோதான். இந்த நிறம், மண்ணாங்கட்டி எல்லாத்தையும் நீ உன் கதையில வச்சுக்க."

(வைத்துக்கொண்டேன்.)

7

இந்த இடத்தில் எனக்கு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

வாண்டு இரண்டாம் முறை அந்த அறைக்குள்—

வாண்டு, நான், ஆலோசகர், மூவரும்—

சரி, அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் அந்தப் பொம்மை திருடன் என்றே வாண்டுக்குத் தெரியாது. இடைப்பட்ட வாரங்களில் வக்கீல் அதைத் திருடன் பொம்மை என்றார். அவள் அம்மா போனில் அப்படிச் சொன்னாள். நானும் சொன்னேன், என் தம்பியே சொன்னான். "அந்தத் திருடன் பொம்மையாலதான் எல்லாம்." பெரியவர்கள் பேசும்போது குழந்தை காலடியில் விளையாடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரும், அப்பா வரமாட்டார்.

இப்போது எழுதுகிறேன். ஆலோசகர் பெட்டியைக் கவிழ்த்தார். நான் செய்த ஆள் மேலேயே விழுந்தான், நம் நிறத்தில், வெள்ளைச் சட்டையில், மூட்டை இல்லாமல். கோடு போட்ட சட்டைக்காரனைக் காணோம். அவனை ஆலோசகரே எடுத்துவிட்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

வாண்டு என் பொம்மையைத் தொடவில்லை. கோட்டுப் போட்ட ரோஸ் ஆளை எடுத்தாள். பொம்மை வீட்டுக்குள், சோபாவில், பத்திரமாக உட்காரவைத்தாள்.

"இதுதான் அப்பா," என்றாள். "வெள்ளையா இருக்கார். வீட்டுக்குள்ளயே இருப்பார். அப்பாகிட்ட பையே இல்ல."

ஆலோசகர் என் பொம்மையைக் காட்டினார். "அப்போ இது யாரு?"

"அது திருடன்."

ஒப்பிக்க வேண்டியதைப் பிழையில்லாமல் ஒப்பித்த குழந்தையைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. "எவ்ளோ நல்ல மாற்றம், பாத்தீங்களா? அப்பாவை வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா. பயம் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிடறேன்." பேனாவை எடுத்தவர், முதல்முறையாக என்னைப் பேசச் சொன்னார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

8

முடிவு ஒன்று: நான் சொல்கிறேன். இது மாற்றம் இல்லை மேடம், நாம் எல்லோரும் சேர்ந்து இந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது என்று. பேனா நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறது. தம்பி என் முகத்தில் விழிக்கமாட்டான்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது. அப்பா கறுப்பாகப் பையோடு வந்து நிற்கும்போது அந்தக் குழந்தை அவனை என்னவென்று பார்க்கும் என்பதை—

முடிவு மூன்று, ஆசிரியர் கேட்டது: வாண்டு கடைசி நொடியில் ஓடிவந்து என் பொம்மையை எடுத்து முத்தமிடுகிறாள். எல்லோரும் அழுகிறார்கள். "இப்படி முடிங்க மேடம், கோபமும் தணிஞ்ச மாதிரி இருக்கும்."

தணிக்க மாட்டேன். நடக்காததை எழுதி உங்களைத் தூங்கவைக்க எனக்கு மனசில்லை.

நடந்தது இவ்வளவுதான். பேனா காகிதத்துக்கு மேலே நிற்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி வேலையிலிருந்து நேராக வந்து நிற்கிறான், தோளில் பையோடு. கதவுக் கண்ணாடியில் அவன் மூக்கு தெரிகிறது, வழக்கம்போல அழுத்திக்கொண்டிருக்கிறான். வாண்டு இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, குனியச் சொல்லி, காதில் கேட்கிறாள்:

"அத்தை, நான் கரெக்டா சொன்னேனா?"

என்னால் முடியவில்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்தீர்கள் இல்லையா, நீங்கள் சொல்லுங்கள். குழந்தை காத்துக்கொண்டு நிற்கிறது.