காணாமல் போன தொண்ணூற்று மூன்று ஜிபி

புது ஹார்ட் டிஸ்கின் அட்டைப்பெட்டியில் ஒரு டிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணினித் திரை 931 ஜிபி என்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். 931தான்.

ஒரு டிபி என்றால் 1024 ஜிபி. மாலை வகுப்பில் போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் நான் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே கேள்வி அது. அப்படியானால் தொண்ணூற்று மூன்று ஜிபியைக் காணோம். ஒரு விளம்பரத்துக்காக நாங்கள் எடுக்கும் காட்சிகள் அத்தனையும் அந்த இடத்தில் அடங்கிவிடும்.

வேறு சமயமாக இருந்தால் எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் இப்போது நேரம் சரியில்லை. பகலில் நான் வேலை பார்ப்பது என் அக்கா கணவரின் வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோவில். ஒரு பொம்மைக் கம்பெனிக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த விளம்பரம் முடிவதற்குள், எதிர்த் தெரு ஸ்டுடியோ வேறொரு கம்பெனிக்கு அதே மாதிரி ஒன்றைச் செய்து வெளியிட்டுவிட்டது. சிவப்புப் பந்து மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கும் காட்சிகூட அச்சு அசல் அதேதான். எங்கள் காட்சிகளை யாரோ வெளியே கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் அன்றிலிருந்து அத்தான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்க்கிறார்.

ஸ்டுடியோவில் நாங்கள் மூன்றே பேர். அத்தான், நான், எடிட்டராக இருக்கும் ஒரு பெண்மணி. காதில் ஹெட்ஃபோனோடு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதால் அத்தான் அவருக்கு மௌனி என்று பெயர் வைத்துவிட்டார். எந்த டிஸ்க் வந்தாலும் முதலில் மௌனிதான் பிரிப்பார். ஃபார்மட் செய்து, மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டிய பிறகுதான் அது எங்கள் கைக்கு வரும். இந்த டிஸ்கும் அப்படித்தான் வந்தது.

உடனே அத்தானிடம் ஓடவில்லை. முதலில் டிஸ்கில் எத்தனை பிரிவுகள் இருக்கின்றன என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பிரிவு. ஒளித்து வைப்பவர் நம் கண்ணில் படும்படியாகவா ஒளிப்பார் என்று தோன்றியது. பிறகு மௌனியைக் கவனித்தேன். நான் அறைக்குள் போனதும் திரையில் ஒரு ஜன்னலை மூடினார். மதியம் படிக்கட்டில் நின்று போனில் ரகசியம் பேசினார். கல்லூரியில் படிக்கும் மகளோடு அவர் தினமும் அங்கே நின்றுதான் பேசுவார். எனக்கே தெரிந்த விஷயம். ஆனால் இன்று அது வேறு மாதிரி கேட்டது.

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்த அத்தானிடம் போனேன்.

"அத்தான், ஒரு விஷயம். தப்பா இருந்தா திட்டாதீங்க."

"நீ எதைச் சொன்னாலும் இப்படித்தான் ஆரம்பிப்பே. சொல்லு சின்னவளே."

"புது டிஸ்க்ல தொண்ணூத்தி மூணு ஜிபி இல்ல."

"இல்லன்னா? எலி தின்னுடுச்சா?"

"உள்ளேயே ஒரு மூலையைத் தடுத்து, யாராவது மறைச்சு வச்சிருக்கலாம். படத்தையெல்லாம் அங்க போட்டு வச்சா நமக்குத் தெரியாது."

அத்தான் துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார்.

"யாராவதுன்னு என்ன பேச்சு? அதுல பட்டது ஒரே கைதானே."

"எனக்கு உறுதியாத் தெரியாது அத்தான்."

"உனக்கு எதுதான் உறுதியாத் தெரிஞ்சிருக்கு? சோறு வெந்துச்சான்னு உங்க அக்கா கேட்டாக்கூட ரெண்டு தடவை பார்க்கிறவ நீ. நீயே சந்தேகப்பட்டா சரியாத்தான் இருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "வாயே திறக்காம இருந்து நம்ம தலையில மிளகாய் அரைச்சிருக்கா பாரு. சாயங்காலம் சாவியை வாங்கிட்டு அனுப்பிடறேன். மூச்சு விடாதே."

என் சந்தேகத்தை இதுவரை யாரும் இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை. அதனாலேயே எனக்கு என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. மௌனியின் மகள் படிப்பதே இந்தச் சம்பளத்தில்தான்.

அலமாரியில் அதே கம்பெனி டிஸ்க் இன்னொன்று, ஒட்டுத்தாள் கிழிக்காமல் இருந்தது. அதில் 1024 இருப்பதைப் பார்த்துவிட்டால் மனம் அடங்கும் என்று கிழித்து மாட்டினேன்.

931.

இதை மௌனி தொடவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றினாரோ என்று அடுத்த சந்தேகம் உடனே வந்து நின்றது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்துகளைப் படித்தேன். ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட் என்று இருந்தது. திரையில், 931க்குப் பக்கத்திலேயே நீளமாக ஓர் எண் இருந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்தும் படிக்காமல் விட்டிருந்தேன். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று இலக்கம். ஒரு லட்சம் கோடி பைட், அதற்கு மேல் சில்லறை. கால்குலேட்டரை எடுத்து அதை 1024ஆல் மூன்று முறை வகுத்தேன். 931 வந்தது.

ஒரே துணியைக் குட்டைக்கைக்காரரும் நெட்டைக்கைக்காரரும் முழம் போட்டது போலத்தான். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக அளக்கிறது, கணினி ஆயிரத்து இருபத்து நாலாக அளக்கிறது. நெட்டைக் கைக்கு முழங்கள் குறைகின்றன. துணி குறையவில்லை. நான் கம்பெனியின் டிபியை எடுத்து வகுப்பின் கணக்கில் போட்டு, இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தேன்.

அத்தானின் அறைக்குள் நான் நுழைந்தபோது மௌனி ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது. சாவி மேசைமேல் இருந்தது.

"அத்தான், தப்பு என்னோடது. எதுவும் காணாமப் போகல. பிரிக்காத டிஸ்க்லயும் அதேதான் காட்டுது."

இரண்டு பெட்டிகளையும் காட்டி, முழக் கணக்கைச் சொன்னேன். அத்தான் மூன்று முறை சொல்லச் சொன்னார். மௌனி ஒரு முறை கேட்டதோடு தலையாட்டினார்.

"எல்லா டிஸ்க்கும் இப்படித்தான்மா. நான் வந்த நாள்லேர்ந்து பார்க்கறேன்" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?" என்றார் அத்தான்.

"யாரும் கேக்கலையே."

சாவியை எடுத்துக்கொண்டு அவர் இருக்கைக்குப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். அவர் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டிருந்தார்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவ இல்லன்னா அப்ப யாரு?" என்றார் எங்கோ பார்த்தபடி. பிறகு என் கையைப் பார்த்தார். "டிஸ்க் கணக்கெல்லாம் தலைகீழா தெரிஞ்சு வச்சிருக்கே. அந்தப் பையைக் கொஞ்சம் திற சின்னவளே. தப்பா நினைக்காதே."

ஜிப் வழக்கமான இடத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்தும் பாதிதான் திறந்தது. அத்தான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிபன் டப்பா, குடை, வகுப்புப் புத்தகம்." குரல் உள்ளேயிருந்து வந்தது. மௌனி திரையிலிருந்து திரும்பாமலேயே பேசினார். "வேற எதுவும் இருக்காது சார். அவளை விடுங்க, வகுப்புக்கு லேட்டாகுது."

அத்தான் வழி விட்டார். தெருமுனை திரும்பும்வரை பையின் ஜிப்பை நான் மூடவில்லை.