பின்படி

அம்மாவின் கால்விரலில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைப் பாண்டீஸ்வரி பிய்த்துக்கொண்டிருந்தாள். பசை வரமாட்டேன் என்றது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். மாலை போட்டாயிற்று, பாடை கட்டியாயிற்று. ஆனாலும் ராக்கம்மாளைத் தூக்க முடியவில்லை. பிறந்த வீட்டுக் கோடி இன்னும் வரவில்லை.

கோடிச் சேலை கொண்டுவர வேண்டியவன் கூடப்பிறந்தவன். ராக்கம்மாளுக்கு இருப்பது ஒரே தம்பி, சுருளிராஜன். நேற்றுக் காலை ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போய் மலைப்பாதையில் கவிழ்ந்த ஜீப்பை ஓட்டியவனும் அவன்தான். அக்காவின் மூச்சு நின்றது தெரிந்ததும் ஓடியவன் இன்னும் தலைகாட்டவில்லை. தெருமுனையில் ஏட்டையா பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். செத்தவளுக்குச் சேலை, கொண்டுவருகிறவனுக்கு விலங்கு. எப்படி வருவான்?

பெரியப்பா பிச்சைமணி அவளைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டார்.

"ஏத்தா, ஏட்டையா ஒன்னையத்தேன் கேப்பாக. நீயும் வண்டியில இருந்தவதான? சீட்டுக்குத் தகுந்த ஆளுதேன் இருந்துச்சு, பிரேக்குப் பிடிக்கலன்னு சொல்லிரு. ஒங்க மாமன் தைரியமா வருவான்."

"பிரேக்கு பிடிச்சுச்சு பெரியப்பா."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"பொழுது சாயுது. ஆஸ்பத்திரியில அறுத்த ஒடம்பு, தாங்காதுத்தா. ஒங்காத்தாளை இங்கனயே போட்டு வைக்கப் போறியா?"

அவள் வெளியே வந்தாள்.

சீட்டுக்கு மேல் ஆளேற்றுவது மலையேறும் ஜீப்புகளில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். அடிவாரச் செக்போஸ்டுக்கு முந்தின வளைவில் வண்டி நிற்கும். உட்கார இடமில்லாதவர்கள் இறங்கி, தூக்குவாளியும் கையுமாக, யாரோ எவரோ என்று நடப்பார்கள். செக்போஸ்டைத் தாண்டியதும் ஏறிக்கொள்வார்கள். சட்டத்துக்கும் மரியாதை, பிழைப்புக்கும் மரியாதை. நேற்றும் அப்படித்தான் நடந்தார்கள். திரும்ப ஏறியபோது ராக்கம்மாள் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி வண்டி, நமக்கென்னடி பயம்" என்று சிரித்தாள். மேலே ஒரு கொண்டையூசி வளைவில் வண்டி பின்பாரம் தாங்காமல் சாய்ந்தது.

வாசலில் ஜக்கம்மா கையைப் பிடித்தாள். அதே ஜீப்பில் வந்தவள், நெற்றியில் கட்டு.

"பாண்டி, ஆளு கூடுதலுன்னு வாய விட்றாத. ஜீப்ப நிப்பாட்டிப்புட்டா நாம எப்படி வேலைக்குப் போறது? தோட்டத்துக்கு ஏது பஸ்ஸு?"

அது பொய்யில்லை. அதனால்தான் பாண்டீஸ்வரிக்குக் கோபம் இன்னும் ஏறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. செல்லை எடுத்து மாமாவின் நம்பரைப் போட்டாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"மாமா, நான் பொய் சொல்ல மாட்டேன். ஏட்டையா இங்கனதேன் நிக்கிறாக. அம்மா ஒங்களுக்காகக் காத்துக் கெடக்கு. கோடியோட வாங்க."

பிச்சைமணி தலையிலடித்துக்கொண்டார். "கெடுத்தா காரியத்த! இனி எங்கிட்டு வருவான்?"

அவளும் அப்படித்தான் பயந்தாள். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தாள். சந்துவழியைப் பார்த்தபடியே கூட்டம் காத்திருந்தது. சுருளிராஜனோ நடுத்தெருவிலேயே வந்தான். கையில் சேலைப் பொட்டலம். ஏட்டையா அவனைப் பிடிக்கவில்லை, கூடவே நடந்து வந்தார். சேலையை அக்காமேல் போர்த்தியவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"மொதல்ல காரியத்த முடிச்சுட்டு வந்து பேசிக்கிருவோம்" என்றார் ஏட்டையா.

பாண்டீஸ்வரி முன்னால் வந்தாள். "இப்பவே சொல்லிர்றேன் சார். அம்மா உள்ள உக்காரல, பின்படியில நின்னுச்சு. நானுந்தேன். வண்டி நெறைய ஆளு. மாமாதேன் ஏத்துனாக."

"ஆமா சார்" என்றான் சுருளிராஜன், தலையைத் தூக்காமல்.

பாடையின் முன்பக்கத்தை அவனே தோளில் வாங்கினான். ஏட்டையா ஒட்டினாற்போல நடந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். பாண்டீஸ்வரியும் நின்றாள். அந்நேரம் மெயின்ரோட்டில், மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று வந்தது. பாடையைக் கண்டதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான். செத்தவளுக்கு மரியாதையாக ஜீப்பிலிருந்த பெண்கள் இறங்கினார்கள். பின்படியில் தொங்கியவர்கள் முதலில் இறங்கினார்கள். பிறகு டிரைவர் பக்கத்தில் ஒண்டியிருந்தவர்கள், உள்ளே மடிமேல் உட்கார்ந்திருந்தவர்கள். பாடை ஜீப்பைத் தாண்டிப் போய்விட்டது. அவர்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.