எதிர் எடை

கரண்ட் போனதும் நான் செய்யும் முதல் வேலை, சாவியை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக லிஃப்ட் கதவைத் தட்டுவது. விரலால் தட்டினால் உள்ளே கேட்காது. சாவியின் தடித்த பக்கத்தால் தட்ட வேண்டும். "யாராவது உள்ள இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். சிலர் சத்தம் போட வெட்கப்பட்டுக்கொண்டு தொண்டையை மட்டும் செருமுவார்கள். அதற்காகத்தான் நிற்பது. இந்தக் கட்டடத்துக்கு நான்தான் தலைவி. டிராம் பணிமனையில் மின்சாரப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இந்தப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த யுஹிம் வசந்த காலத்தில் ராணுவத்துக்குப் போகும்போது, ஒரு டப்பா கிரீஸையும் மோட்டார் அறைச் சாவியையும் என்னிடம் கொடுத்து, ஒரு முழுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தான்.

லிஃப்ட் இரண்டு இருந்தது. இப்போது ஒன்று. பிரேக் கட்டைகள் வந்துகொண்டிருந்த தொழிற்சாலை இருக்கும் ஊர் இப்போது ரஷ்யர்கள் கையில். அதனால் ஒரு லிஃப்ட்டைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டோம். ஓடுகிற லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்டூலும் ஒரு பையும் வைத்திருக்கிறோம். பைக்குள் தண்ணீர், டார்ச், பிஸ்கட், படபடப்புக்கு வேர்ச்சாறு. எங்கள் திநீப்ரோ நகரத்தில் உயரமான கட்டடங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான். மாட்டிக்கொண்டவர் சாப்பிடலாம், ஆனால் சாப்பிட்டதைத் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். யாரும் எழுதிப் போடாமலே இந்த வழக்கம் வந்துவிட்டது. சமீபமாக ஒரு குழப்பம். யாரும் மாட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் பிஸ்கட் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டாம் மாடி பனாஸ் மேல் எல்லோருக்கும் சந்தேகம். அவன் டிராலிபஸ் ஓட்டுகிறவன், நூற்றிருபது கிலோ இருப்பான். "குண்டா இருந்தா திருடனா? நான் திருடினா பிஸ்கட்டோட நிறுத்துவேனா, பெத்ரிவ்னா?" என்று என்னிடம் மன்றாடினான்.

அன்றைக்கு ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்குப் போனது. பதினான்கு மாடியும் தட்டினேன். செருமல்கூட இல்லை. பதின்மூன்றாம் மாடிக் கதவை விரலளவு திறந்து டார்ச் அடித்ததில் மேலே லிஃப்ட் பெட்டியின் அடிப்பாகம் தெரிந்தது. பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில், காலியாக நிற்கிறது. அப்படித்தான் நினைத்தேன்.

பதின்மூன்றில் யாரினாவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் மாமியார் லிதியா எட்டிப் பார்த்தாள். போரில் நொறுங்கிய பாக்மூத்திலிருந்து ஒரு சூட்கேஸோடும் கைக்குழந்தைக்காரியான மகளோடும் வந்து சேர்ந்தவள். இரண்டு அறைக்குள் யாரினா, அவள் பையன்கள் இரண்டு பேர், இந்த மூன்று பேர். யாரினாவின் கணவன் ஸகார் போர்முனையில் இருக்கிறான். ஒரு வாரமாக அவனிடமிருந்து போன் இல்லை. கட்டடம் முழுக்க இது தெரியும். ஆனால் யாரும் கேட்பதில்லை.

"யாரினா இருக்காளா?" என்றேன்.

"மருந்துக்கடைக்குப் போனா. க்யூ பெருசா இருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனா. ஏன், எதாவது சேதியா?"

"ஒண்ணுமில்ல. கரண்ட் போச்சு, அவ்வளவுதான்."

"அது சேதியா? வந்தா சொல்லு," என்றாள்.

பன்னிரண்டாம் மாடியில் திமிஷ் கோட்டை மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு லிஃப்ட் முன்னால் நின்றிருந்தான். கோடையில் வலது காலை இழந்தவன். பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். செயற்கைக் காலின் மேல்பகுதி, அதாவது தொடையை உள்ளே விட்டுக்கொள்ளும் கிண்ணம், அவனவன் அளவுக்கு வார்க்கப்படுவது. வெட்டிய கால் நாளாக ஆக வற்றும். வற்றிய காலுக்குப் பழைய கிண்ணம் ஆடும், புண்ணாக்கும். புது அளவு எடுக்கிறவர் வேறு ஊரிலிருந்து அன்று ஒரு நாள் மட்டும் வந்திருந்தார். அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. திமிஷை அழைத்துப்போக வேண்டிய கார், சைரன் ஒலித்ததால் பாலத்தில் நின்றுவிட்டு ஒன்பதைத் தாண்டித்தான் வாசலுக்கு வந்தது.

பனாஸ் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "நான் தூக்கிட்டுப் போறேன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறான்."

"போன தடவை தூக்குனீங்களே, ஆறாவது மாடில என்னைத் தவறவிட்டு தையல் பிரிஞ்சதே, மறந்துபோச்சா?" என்றான் திமிஷ். "நீங்க வேணா உருண்டு போங்கண்ணே. உங்களுக்கு அதுதான் வசதி."

"பேச்சுக்கு மட்டும் ரெண்டு காலும் இருக்கு பாரு இவனுக்கு," என்று பனாஸ் சிரித்தான். திமிஷும் சிரித்தான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள்: காலி லிஃப்ட் கீழே விழாது. அது மேலேதான் போகப் பார்க்கும். கயிற்றின் ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் எதிர் எடை, நடுவில் மேலே மோட்டார். எதிர் எடையைப் பெட்டிக்குச் சமமாக வைப்பதில்லை. பெட்டியோடு, அதில் ஏறக்கூடிய ஆட்களில் பாதிப் பேரின் எடையையும் சேர்த்து வைப்பார்கள். அப்போதுதான் ஆள் குறைவாக ஏறினாலும் நிறைய ஏறினாலும் மோட்டாருக்குப் பாதிச் சுமைக்கு மேல் வராது. யார் முதலில் யோசித்தார்களோ, அழகான யோசனை. கரண்ட் இல்லாத நேரத்திலும் அந்தக் கணக்கு வேலை செய்துகொண்டேதான் இருக்கும். கரண்ட் போனதும் தானாக இறுகிக்கொள்ளும் பிரேக்கை நெம்பிப் பிடித்துக்கொண்டு மோட்டாரின் கைச்சக்கரத்தைச் சுற்றினால் பெட்டி நகரும், ஒரு சுற்றுக்கு மூன்று விரல் அகலம். ஒருவர் மட்டும் உள்ளே இருந்தால் மேலே ஏற்றுவது சுலபம், கீழே இறக்குவது கஷ்டம். ஐந்து பேர் கொள்ளும் பெட்டியில் நாலு பேர் ஏறிவிட்டால், இறக்குவது குழந்தை வண்டியைத் தள்ளுவது போல.

"கீழ இறக்கறதுக்கு எடை வேணும்," என்றேன்.

"எடைன்னதும் ஏன் என்னைப் பாக்கறீங்க?" என்றான் பனாஸ்.

நான் மோட்டார் அறைக்கு ஏறிப் போனேன். முதலில் காலிப் பெட்டியைப் பன்னிரண்டுக்கு இறக்க வேண்டும். இருப்பதிலேயே கடினமான வேலை அதுதான், எதிர் எடையின் கூடுதல் கனம் முழுவதையும் எதிர்த்துச் சுற்றுவது. முழு உடம்பையும் கொடுத்துத்தான் வழக்கமாகச் சுற்றுவேன். பாதியில் பனாஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். அன்றைக்குச் சக்கரம் வழக்கத்தைவிட எளிதாகத் திரும்பியது. கிரீஸ் போட்டதால் இருக்குமோ என்று யோசித்தேன். கிரீஸ் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேல்பக்கமாகச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வழக்கமான துள்ளல் இல்லை. ஒரு பக்கம் சுலபமாகி இன்னொரு பக்கம் மந்தமானால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான்.

பிரேக்கை மறுபடி இறுகவிட்டு, கயிறுகள் இறங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"யாரு உள்ள?"

சாவியால் ஓட்டையின் விளிம்பைத் தட்டினேன்.

"ஆள் இருக்குன்னு சக்கரமே சொல்லுது. சும்மா இருந்தா எப்படி?"

"நான்தான், பெத்ரிவ்னா. கத்தாதீங்க."

"யாரினாவா? அவ்வளவு தட்டினேனே! மயக்கம் கியக்கம் வந்துடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன்." பிறகு, "பிஸ்கட்டும் நான்தான். வாங்கி வெச்சுடறேன்," என்றாள்.

"பிஸ்கட் கிடக்குது. என்ன இது?"

"இதுக்குள்ள சிக்னல் வராது."

"வராதுதான். நாலு பக்கமும் இரும்பு பாரு, அலை உள்ள நுழையறதுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் சொல்லவந்தது அது இல்லை என்பது புரிந்து நிறுத்தினேன்.

"போன் அடிச்சா வீட்ல நாலு பேரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. பசங்களும்தான். நான் எடுத்து, யாரோ கடைக்காரன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடறதில்ல. அடிக்கலன்னாலும் என்னைத்தான் பாக்கறாங்க. இங்க அடிக்காது. அவ்வளவுதான்." குரலில் அழுகை எதுவும் இல்லை. மருந்துக்கடையில் இன்ன மாத்திரை இல்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டுடுங்களேன்."

எனக்குப் புரிந்தது. திடீரென்று போகும் கரண்ட்டில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அறிவித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் எங்கள் கட்டடத்தில் குழந்தைகள்கூட லிஃப்ட் பக்கம் போக மாட்டார்கள். இவள் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்து ஏறியிருக்கிறாள்.

"திமிஷ் கீழ போகணும்," என்றேன். "கோட்டைப் போட்டுட்டு நிக்கறான்."

கீழே ஸ்டூல் இழுபடும் சத்தம் வந்தது. பிறகு, "சரி, இறக்குங்க," என்றாள்.

யுஹிம் கயிற்றில் ஒவ்வொரு மாடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான். பன்னிரண்டாவது கோடு வந்ததும் நிறுத்தி, கீழே ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சத்தம் கேட்டு லிதியாவும் படியிறங்கி வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தாள். மருந்துக்கடைப் பை எதுவும் அவள் கையில் இல்லை.

"நான்தான் ஏறச் சொன்னேன்," என்றேன். "எடைக்கு."

லிதியா என்னையும் பார்த்தாள். "எடை போதுமா?"

"இன்னும் ஒருத்தர் இருந்தா நல்லது."

"தள்ளிக்கோ," என்று யாரினாவிடம் சொல்லிவிட்டு உள்ளே ஏறினாள். "இத்தனை வருஷம் தின்னதுக்கு இன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்."

திமிஷை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். பனாஸ் கடைசியாக ஏறியதும் கயிறுகள் விண்ணென்று இறுகின. மேலே வந்து பிரேக்கை நெம்பினேன். சக்கரம் தானாகவே கீழ்ப்பக்கம் சாய்ந்தது. என் வேலை சுற்றுவதைவிட வேகம் கூடாமல் பிடிப்பதாகத்தான் இருந்தது. அரை மணிக்கு மேல் ஆனது. லிஃப்ட் ஓடும் குழி ஒரு பெரிய குழாய் மாதிரி, எல்லாமே மேலே கேட்டது. பனாஸ் டிராலிபஸ் நிறுத்தங்களின் பெயரை ஒவ்வொன்றாக அறிவித்தான். டிக்கெட் வாங்காதவர்கள் இறங்கும்படி திமிஷ் சொன்னான். லிதியா யார் காலையோ மிதித்துவிட்டு, "எந்தக் கால்?" என்று கேட்டாள். திமிஷ், "கவலைப்படாதீங்க, மருமக கால்தான்," என்றான். யாரினாவின் குரல் மட்டும் கேட்கவில்லை.

தரைத்தளத்தில் கதவு திறக்கும் சத்தம், ஊன்றுகோல் சத்தம், கார் கிளம்பும் சத்தம். பனாஸும் கூடப் போய்விட்டான். கீழே மாமியாரும் மருமகளும் மட்டும்.

"மேல வரலாமா, பெத்ரிவ்னா?" என்று லிதியா கத்தினாள்.

இரண்டு பேர் ஏறினாலும் எதிர் எடைதான் கனம். தாராளமாக வரலாம். நான் ஓட்டையில் குனிந்து, "ஒருத்தர்தான் ஏறலாம்! கரண்ட் இல்லாதப்ப மேல வர்றதுக்கு ஒருத்தர்தான் கணக்கு!" என்று சொன்னேன்.

அப்படி ஒரு விதி எந்த லிஃப்ட்டிலும் கிடையாது; யாரினா கேட்ட அந்தக் கொஞ்ச நேரத்துக்காகச் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஒருவர்தான் என்றால் அந்த ஒருவர் லிதியாதான். முட்டிவலிக்காரி, பதின்மூன்று மாடி. யாரினா அவளை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். திருத்திச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

"நீங்க ஏறுங்கம்மா," என்று யாரினா சொல்வது கேட்டது.

"அந்த ஸ்டூல்ல யாரு உக்கார்றது? போன் எங்க?"

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

பிறகு கதவு சாத்தும் சத்தம். "சாத்தியாச்சு, சுத்து!" என்றது லிதியாவின் குரல். உள்ளேயிருந்தா வெளியேயிருந்தா என்று அவ்வளவு தூரத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

பிரேக்கை நெம்பினேன். இரண்டு சுற்றிலேயே தெரிந்துவிட்டது. சக்கரம் கைக்கு முன்னால் ஓடப் பார்த்தது. உள்ளே இருப்பது லிதியாவின் எடை இல்லை.

படிக்கட்டுப் பக்கக் கதவைக் காலால் தள்ளித் திறந்து வைத்துக்கொண்டேன். கரண்ட் இல்லாத கட்டடத்தில் சத்தம் வெகுதூரம் வரும். லிதியா ஏறிவருவது கேட்டது. ஒரு காலை வைத்து, மறு காலை அதனோடு சேர்த்து, பிறகு அடுத்த படி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். அவள் நிற்கும்போது நானும் சுற்றுவதை நிறுத்தினேன். ஏறத் தொடங்கியதும் சுற்றினேன். வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக மெதுவாகக் கடந்து போயின. இப்படியே போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடலாம். போடவில்லை.

ஏழாம் மாடியோ எட்டாம் மாடியோ, போன் அடித்தது.

காலடி நின்றது. சக்கரத்தை நிறுத்தி பிரேக்கை இறுகவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோட்டுப் பையில் தேடுகிறாளோ, கண்ணாடி இல்லாமல் திரையைத் தூரத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்கிறாளோ. பிறகு மணி நின்றது. எடுத்தாளா, தானாக நின்றதா, தெரியவில்லை. பேச்சு எதுவும் மேலே வரவில்லை.

என் முன்னால் நாலு கயிறுகளும் அசையாமல் இருட்டுக்குள் இறங்கியிருந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்திருந்தேன். பிறகு மிக லேசாக, தொட்டுக்கொண்டிருந்தால்தான் தெரியும் அளவுக்கு, ஒரு நடுக்கம் வந்தது. கீழே யாரினா ஸ்டூலில் கால் மாற்றி உட்கார்ந்திருக்க வேண்டும்.