சொல்லிவிட்ட சாட்சி

என் மாமனார் செல்வதாஸுக்குச் சபையில் எழுந்து நின்று பேசக் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். சபைக் கமிட்டியின் செயலாளர் வேறு. ஞாயிறு ஆராதனையில் போதகர், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள்..." என்று வாயெடுப்பதற்குள் எழுந்துவிடுவார். அப்படித்தான் என் மகள் ஜெர்லினின் முதுகையும் ஊருக்கு முன்னால் எடுத்து வைத்தார்.

ஜெர்லினுக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், எலுமிச்சம்பழம் போல ஒரு கொழுப்புக் கட்டி. வலி கிடையாது. நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன செய்வது என்பதுதான் வீட்டின் கவலை. டவுனில் ஒரு டாக்டர் லேசரில் எடுத்துவிடலாம் என்றார். ஸ்கேன் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்புக்கு எதற்கு ஸ்கேன் என்று சிரித்தார். காலையில் போனோம், சாயங்காலம் திரும்பினோம், கட்டி போயிருந்தது.

அடுத்த ஞாயிறே மாமா எழுந்தார். "கர்த்தர் என் பேத்தியைத் தொட்டார். பூரண சுகம்." சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டாயிற்று. எங்கள் சபையில் ஒரு சுகத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டால், அதே நோய்க்கு யாரும் மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. மிதித்தால் அவிசுவாசம். குடும்பத்துக்கும் தலைகுனிவு.

மழைக்காலத்தில் ஜெர்லினின் இடது காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. பாதத்தை இழுத்து நடந்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் பாவாடை நனைந்தது. மூத்திரம் முட்டுகிறதே அவளுக்குத் தெரியவில்லை. காலையில் நான் நிறைத்துக் கொடுத்த தண்ணீர்க் குப்பி சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. நனைந்துவிடக் கூடாதென்று பிள்ளை பகல் முழுவதும் தாகத்தோடு இருந்திருக்கிறாள்.

"மாமா, பிள்ளைய திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போணும்" என்றேன்.

"எதுக்கு? சொகம் ஆயாச்சுன்னு சபையில சொல்லியாச்சுல்லா? இது மடியாக்கும் சுபிதா. பாத்ரூமுக்கு எழும்பிப் போக மடி. ரெண்டு அடி போட்டா சரியாகும்."

மடி என்றால் சோம்பல். என் பிள்ளைக்குச் சோம்பலாம்! நான் என் கணவர் எட்சனைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாள் பொறு" என்றார். "சபை தேர்தல் வருது. அப்பாக்க பேரு கெட்டுப்போகும்."

"பிள்ளைக்க காலு கெட்டுப்போகுது. அது பரவாயில்லையா?"

தேர்தல் முடிகிற வரை, அப்பாவும் மகனும் ஒவ்வொரு வாரமும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தார்கள். கடைசியில் நான் யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திருவனந்தபுரத்து டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். வெளியே எடுத்தது மேற்பூச்சுதான். மீதிக் கொழுப்பு முதுகெலும்பின் இடைவெளி வழியாக உள்ளே போய்த் தண்டுவடத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர வளர அது நரம்பைப் பிடித்து இழுக்கிறது. முதுகைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நரம்பு அசையாமல் லேசரால் அந்தக் கொழுப்பைக் கொஞ்சங்கொஞ்சமாக உருக்கி எடுக்க வேண்டும் என்றார்.

"மறுபடியும் லேசரா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "லேசர் வெறும் கருவிதான் அம்மா. எங்க வைக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் ஸ்கேன். அதை முதல்லயே பாத்திருக்கணும்."

ஆபரேஷன் பாதிப் பகலை விழுங்கியது. நான் போனில் சொல்லியும், தையல் பிரித்த அன்றுதான் மாமாவும் எட்சனும் வந்தார்கள். மாமா வெள்ளை வேட்டி சட்டையில், கையில் வேதாகமத்தோடு, வரும்போதே முகம் மலர்ந்திருந்தார். "நல்லபடியா முடிஞ்சுதுல்லா? எல்லாம் கர்த்தருக்க கிருபை."

டாக்டரம்மா ஜெர்லினின் பாதத்தைத் தொட்டு, மேலே தூக்கச் சொன்னார். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் படுக்கையிலேயே கிடந்தது. பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

"யூரின் கட்டுப்பாடு திரும்பி வருது, நல்ல விஷயம்" என்றார் டாக்டரம்மா. "இந்தப் பாதம் பழையபடி வரும்னு நான் நம்பிக்கை தர மாட்டேன். இழுக்க ஆரம்பிச்சதும் கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏன் இவ்வளவு தாமதம்?"

எட்சன் தலை குனிந்தார். மாமா தொண்டையைச் செருமினார். பிறகு கையை உயர்த்தி, கண்களை மூடி, "ஜெபிப்போம்" என்றார்.

எனக்குள் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. உயர்ந்த அந்தக் கையைப் பிடித்து இறக்கி, என் மகளின் இடது பாதத்தின்மேல் வைத்தேன்.

"கண்ண மூடாதீங்க மாமா. அவ காலப் பாருங்க. நல்லாப் பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை எழும்பி நின்னு இதையும் சொல்லுங்க."