கொட்டுகிற வெள்ளைக்கரு

பேக்கரியின் பின்கட்டில் மாஸ்டர் முட்டை உடைக்க ஆரம்பித்தால் எந்திரம் தோற்றுவிடும். கஸ்டர்டுக்கு மஞ்சள் கரு மட்டும் போதும். வெள்ளைக்கரு முழுவதும் ஒரு பேசினில் சேரும். அதைக் கொட்டிக் கழுவுவது பாத்திரம் தேய்க்கிறவளின் வேலை. எத்தனையோ வருஷமாக முகம் சுளித்துக்கொண்டே கொட்டியவள்தான்.

அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸ். "ரத்தம் சுத்தமாகும்போது உடம்புச் சத்தும் கொஞ்சம் போயிடும்மா. இந்தப் பவுடரைக் கலக்கிக் குடுங்க" என்று நர்ஸ் காட்டிய டப்பாவின் விலையைப் பார்த்ததும் அவள் அதைத் திருப்பி நீட்டிவிட்டாள். நர்ஸ் நல்ல மனுஷி. "முடியலைன்னா முட்டை வெள்ளைக்கரு குடுங்க. மஞ்சள் வேணாம்" என்றாள்.

அடக் கடவுளே, இவ்வளவு நாளும் எதைக் கொட்டிக்கொண்டிருந்தோம்! மறுநாள் மாஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கொட்டுறதைக் குடுக்கக் கேள்வி வேறயா? ஒரு தூக்கு கொண்டா" என்றார் அவர். அன்றிலிருந்து அவரே மூடி போட்டு ஃபிரிட்ஜில் எடுத்து வைத்துவிடுவார். அந்தப் புண்ணியவானை நினைக்காமல் அவள் தூங்கப் போனதில்லை.

உப்பில்லாமல் வேகவைத்ததை விழுங்கப் புருஷன் படாத பாடு பட்டான். "இப்படியே போனா நானே முட்டை போடப்போறேன்டி."

"போடுங்க, அதையும் அவிச்சுத் தர்றேன்."

கொஞ்ச மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறினான். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நர்ஸ் சிரித்தாள். சந்தோஷம் தாங்காமல் இவள் நேரே பேக்கரி முதலாளியிடம் போய்க் கைகூப்பினாள். "உங்க கடை வெள்ளைக்கருதான் சார் அவரை எழுப்பி உட்கார வச்சிருக்கு. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

மாஸ்டர் அடுப்படியிலிருந்து கண்ஜாடை காட்டிப் பார்த்தார். அவள் எங்கே கவனித்தாள்!

"அவ்வளவு சத்தா இருக்கு அதுல?" என்று முதலாளி துருவித் துருவிக் கேட்டார்.

அடுத்த வாரமே பெட்டி பெட்டியாகக் கண்ணாடி பாட்டில்கள் வந்து இறங்கின. வெள்ளைக்கரு இனி பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறதாம். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் புனல் வைத்து ஊற்றினார்.

"உன் வாய் முகூர்த்தம்மா" என்றார் முதலாளி, உண்மையாகவே மகிழ்ந்து. "உன்னை மறப்பேனா? உனக்கு மட்டும் பாதி விலை."

அந்தப் பாதியும் அவளுக்கு எட்டாத விலைதான். ஆனாலும், "பெரிய மனசு சார்" என்று வழக்கம்போல வார்த்தை தானாக வந்துவிட்டது.

புனல் கழுவ வந்தது. அதன் கழுத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் குழாயைத் திறந்தாள்.