டேஷ்போர்டு இன்னும் காயவில்லை

எனக்கு வலி எடுத்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஜானகிராமன் தன் காரின் டேஷ்போர்டுக்கு இரண்டாவது கோட்டு கறுப்பு பெயின்ட் அடித்து முடித்திருந்தார். மதராஸில் யாரோ அவர் தலையில் கட்டிய பழைய வெளிநாட்டுக் கார் அது. மாமல்லபுரத்து வெயிலும் உப்புக் காற்றும் பட்டு, அதன் பிளாஸ்டிக் டேஷ்போர்டு வெளுத்து வெடித்துக் கிடந்தது. கடற்கரையில் ஷூட்டிங் எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் அந்தக் காரை வாடகைக்குக் கேட்டார்களாம். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நான் மாசமாக இருந்த காலத்தில், வீங்கிப்போன என் காலை ஒரு நாளாவது பிடித்துவிட்டிருக்குமா அந்தக் கை?

“தாங்க முடியலங்க. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும்,” என்று கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“இப்பவேவா? பெயின்ட் ஈரமா கீதே!”

“அத வயித்துல கீற புள்ளையாண்ட சொல்லுங்க.”

பின் சீட்டை உறை தைக்கக் கழற்றிக் கொடுத்திருந்தார். அதனால் முன்னால்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்ததுமே உத்தரவு வந்தது: “எதையும் தொட்டுடாத. கண்ணாடிய ஏத்திக்கோ. புழுதி ஒட்டிக்கினா அவ்ளோதான்.”

சித்திரை வெயிலில் எல்லாக் கண்ணாடியும் மூடிய கார். பெயின்ட் நாற்றம் குடலைப் பிடுங்கியது. குலுங்கினால் பெயின்ட் வழிந்துவிடுமாம், ஐயா ஊர்ந்துகொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் இடுப்பு முறிகிற மாதிரி ஒரு வலி வந்தது. பிடிமானத்துக்கு முன்னால் கை நீட்டினேன். பாவி மனுஷன், என் கையைத் தட்டிவிட்டார்!

“நிறுத்துய்யா வண்டிய!”

நான் போட்ட கூச்சலில் பிரேக் போட்டுவிட்டார். கதவைத் திறந்துபோட்டு நடுரோட்டில் இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தினேன். கண்டக்டர் குதித்து வந்து என்னைத் தாங்கி ஏற்றினார்.

“அண்ணாத்த, எங்கயும் நிறுத்த வாணாம், நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு!” என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

கருவாட்டுக் கூடைக்காரிகள் எழுந்து நீள சீட்டை எனக்கு விட்டார்கள். ஒருத்தி கையைக் கொடுத்தாள். நான் பிடித்த பிடியில் அவள் கண்ணாடி வளையல் நொறுங்கியது. “ஒடஞ்சா ஒடயட்டும், நீ நல்லா புடிச்சிக்கோம்மே,” என்றாள். அவள் யாரோ எவளோ, நன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இன்னும் சற்று தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்று நர்ஸம்மா சொன்னார்.

வார்டில் கொண்டுவந்து போட்ட பிறகு அவர் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் செம்மண் புழுதி. எனக்கென்னவோ ஆகிவிட்டதென்று பதறி வருகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“கதவ மூடிட்டு எறங்கக் கூடாதா? பஸ்காரன் கெளப்பின புழுதி பூரா பெயின்ட்டு மேல குந்திகினு கீது. மறுபடி மொதல்லேர்ந்து தேய்க்கணும்!”

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. அப்போது ஆயா எல்லம்மாள் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

“புள்ளையோட அப்பா வந்துட்டாராம்மா? அவர் கைல குடுக்கலாம்னு பாத்தேன்.”

எதிரே நின்றவரை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தேன்.

“இன்னும் வரலம்மா,” என்றேன்.